தலைப்பிள்ளைக்கு இந்த வீட்டுக்கு வராதே, மகள்

மகள்,

ஸலாத்தோடுதான் தொடங்குகிறேன். அன்று நீ போனை வைத்த பிறகும் நான் ஸலாம் சொன்னேன். அது கட்டாருக்கு வந்து சேர்ந்திருக்காது. "ஊருக்கு வா, ஆனால் நம் வீட்டுக்கு வராதே" என்று நான் சொன்னதும், "என்ன உம்மா செல்றீங்க? தலைப்பிள்ளைக்கு எங்கட ஊட்டுக்கு வர ஏலாதா எனக்கு?" என்று கேட்டாய். வீடு திருத்துகிறோம், கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறோம் என்று நான் ஏதோ உளறினேன். உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய், ஒழுங்காக வரவில்லை. நீ அழுதுகொண்டே வைத்துவிட்டாய். கூரை அப்படியேதான் இருக்கிறது, மகள்.

அன்றிலிருந்து குடும்பத்தில் நான் வாங்காத பேச்சு இல்லை. குண்டசாலையிலிருந்து உன் மாமி போன் எடுத்தா. "மருமகளை எங்கட ஊட்டுல வெச்சிப் பாக்குறது எங்களுக்குச் சந்தோஷந்தான் ராத்தா. ஆனா தலைப்பிள்ளைக்குத் தாய் ஊடு ஏத்துக்கல்லன்னா சனம் என்ன செல்லும்?" என்று கேட்டா. குரலில் மரியாதை இருந்தது, அதனால் இன்னும் சுட்டது. அக்குறணையிலிருந்து உன் பெரியும்மா மரியாதை பார்க்கவில்லை. "நீயும் பெத்தவ தானே? வாப்பா இல்லாத புள்ளய வாசல்ல நிறுத்துறியே!" என்று கத்திவிட்டு வைத்தா. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அழ என்னால் முடியாது. அதனால்தான் உனக்கு எழுதுவதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நம் குடும்ப வட்ஸ்அப்பில் போடச் சொல்லி என் கூடப்பிறந்த நானா, உன் ஹனீபா மாமாவிடம் கொடுப்பேன். உனக்குத் தெரிந்த சங்கதிகளும் இதில் வரும், சலிக்காதே, அவை மற்றவர்களுக்காக.

பிலிமத்தலாவையில் நம் வீட்டுக்குப் பின்னால் பெட்டரி வந்து குவிந்ததை நீ பிறந்ததிலிருந்து பார்த்தவள். த்ரீவீல் பெட்டரி, வேன் பெட்டரி, லொறிப் பெட்டரி, கண்டியில் எந்த கராஜில் எது செத்தாலும் கடைசியில் வாப்பாவிடம் வரும். கொழும்பு வியாபாரி உள்ளே இருக்கும் தண்ணீரின் நிறையைக் கழித்துத்தான் எடுப்பான். ஆகவே நிறுப்பதற்கு முன் எல்லாப் பெட்டரியையும் கவிழ்த்து, அசிட்டை, அழுக்குத் தண்ணீர் ஓடும் பின்பக்கக் காணில் ஊற்றிவிடுவார்கள். இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஊற்றாதவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். அந்தக் காணோரத்தில் புல் முளைக்காது. வேலை மிச்சம் என்று நான் அதற்கும் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

பேராதனையில் நீ படிக்கப் போன இரண்டாம் வருஷம், ஒரு விடுமுறைக்கு வந்திருந்தாய். பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். நீ சோற்றைப் பிசைந்துவிட்டு வாயில் வைக்காமல், "வாப்பா, அந்தத் தண்ணிய இனிக் காணுக்கு ஊத்தினீங்கன்னா நான் இந்த ஊட்டுல சாப்பிட மாட்டேன்" என்றாய். நான் உன்னைத் திட்டினேன். பெட்டரி போட்ட சோறுதான் உன்னைப் படிக்க வைக்கிறது என்றுகூடச் சொன்னேன். வாப்பா சிரித்தார். "படிக்க வெச்சது நாங்க தானே, இப்ப கேக்கத்தான் வேணும்" என்றார். கேட்டார்தான். சீமெந்துத் தரை போட்டார், அதைச் சுற்றி வரம்பு கட்டினார், மேலே தகரம் அடித்தார், பெட்டரிகளை அசிட்டோடு நிமிர்த்தி அடுக்கினார். "மகளுக்கு ஊடு கட்ட முந்தி பெட்டரிக்கு ஊடு கட்டிட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உன்னை நக்கலடிப்பார். உனக்கு முகம் சிவக்கும். உனக்கென்று வீடு கட்டுவதற்குள் அவர் மௌத்தாகிவிட்டார். இருந்த வீட்டையே உனக்கு எழுதி வைத்தேன். இப்போது உன் வீட்டுக்கு உன்னையே வராதே என்கிறேன்.

அவருக்குப் பிறகு பெட்டரி யார்டை மூடிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நீதான் விடவில்லை. முன்வாசலுக்கே வராத நான் லொறிக்காரர்களோடு சண்டை போடப் பழகினேன். நாவலப்பிட்டியிலிருந்து வேலைக்கு வரும் செல்வராணியும் நானும் உன்னிடம்தான் எல்லாவற்றையும் கற்றோம்: கையுறை இல்லாமல் தொடக் கூடாது, வேலை உடுப்போடு குசினிக்குள் சமைக்க வரக் கூடாது, உடைந்ததைத் தனியே வைக்க வேண்டும். கொழும்பில் யார் கையிலோ கொடுத்து அது எந்தக் காணுக்குப் போகிறது என்று தெரியாமல் இருப்பதைவிட, ஈயம் உருக்க ஒழுங்கான உலை இருக்கிற நாட்டுக்கு நாமே அனுப்புவோம் என்று நீ சொன்னாய். அப்போதுதான் எனக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரிய வந்தது. இது சும்மா சாமான் இல்லை, அபாயகரமான கழிவு. வாங்கும் நாடு எழுத்தில் சம்மதம் தர வேண்டும். கப்பல் தொட்டுப் போகும் ஒவ்வொரு நாடும் சம்மதம் தர வேண்டும். எல்லாச் சம்மதமும் வரும்வரை பெட்டரி யார்டைவிட்டு ஓர் அடி நகரக் கூடாது. நீ குசினியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு இதையெல்லாம் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு. "ஒன்ட கலியாணம் பேசவே இத்தின பேர்ட்ட சம்மதம் கேக்கல்லயே மகள்" என்றேன். நீயும் சிரித்தாய். பிறகு, "அனுப்பினது எங்கயாவது பிழையாப் போனா, அனுப்பின நாடுதான் உம்மா திருப்பி எடுக்கணும். இல்லாட்டிப் பணக்கார நாடெல்லாம் தங்கட குப்பய எங்கட வாசல்ல கொட்டிட்டுப் போயிடும்" என்றாய். நியாயம்தானே என்றேன். இப்போதும் நியாயம் என்றே சொல்கிறேன். அந்த நியாயம் நம் வாசலுக்கே ஏறி வரும் என்று மட்டும் நினைக்கவில்லை.

முதல் கொண்டெய்னர் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதின் கடைசிக் கடதாசியில் நீ கையெழுத்து வைத்தது உன் மருதோண்டி இரவுக்கு முந்திய பின்னேரம். மணப்பெண் மஞ்சள் உடுப்போடு கதிரையில் உட்கார்ந்து கப்பல் கடதாசி பார்க்கிறாள் என்று பெண்களெல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். கலியாணம் முடிந்து நீ மருமகனோடு கட்டாருக்குப் போனாய். கொண்டெய்னரும் போனது. உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன்: அது போய்ச் சேரவில்லை. கப்பல்காரன் தன் வசதிக்கு வழியை மாற்றி, நாம் கேட்டே இராத ஒரு நாட்டின் துறைமுகத்தில் அதை இறக்கி வேறு கப்பலில் ஏற்றப் பார்த்திருக்கிறான். அந்த நாட்டுக்காரர்கள் கடதாசியைப் பார்த்தார்கள். அவர்கள் பெயர் அதில் இல்லை. எங்களைக் கேட்காமல் எங்கள் கரைக்கு நஞ்சு கொண்டுவந்தாயா என்று நிறுத்திவிட்டார்கள். நாம் வாங்கிய சம்மதமெல்லாம் நாம் சொன்ன வழிக்குத்தான். வழி மாறினால் அது கள்ளச் சரக்கு. மாதக்கணக்காக வெயிலில் கிடந்துவிட்டு அது இலங்கைக்கே திரும்பி வந்தது. உன் கடதாசியில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. இதை நான் நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், நீ உன்னையே போட்டு அரிக்கக் கூடாது என்பதற்காக.

அந்தச் செய்தி எனக்கு வந்த கிழமையில்தான் நீ போன் எடுத்து, "உம்மா, நீங்க உம்மம்மா ஆகப் போறீங்க" என்றாய். அதைச் சொன்ன வாயிடம் நான் இதை எப்படிச் சொல்வேன்? பிறகு சொல்லலாம், எல்லாம் சரியான பிறகு சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று நினைத்தேன். அனுமதி உள்ள இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று அதை நம் யார்டுக்கே அனுப்பினார்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் அது முனகி முனகி ஏறி வந்து நம் ஒழுங்கை முனையில் நின்றபோது, எதிரே பித்தளைக் கடையில் சாமான் வாங்க வந்தவர்கள்கூட இறங்கி வந்து பார்த்தார்கள். போதைத் தூள் பிடிபட்டதாம் என்று ஒரு கதை. வெளிநாட்டுக் குப்பையை இந்த உம்மா இறக்குகிறாவாம் என்று இன்னொரு கதை. நம் பெட்டரிதான், கண்டிப் பெட்டரிதான், போன வழியே வந்திருக்கிறது என்று சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

கொண்டெய்னர் கதவைத் திறந்ததும் மூக்கில் அடித்தது. அடுக்குகள் சரிந்து, பெட்டிகள் வெடித்து, அசிட் எல்லாம் கீழே வடிந்து சாம்பல் நிறத்தில் சேறாகக் கிடந்தது. இறக்கும்போது அது யார்டின் சீமெந்தைத் தாண்டி முற்றத்திலும் கொட்டியது. தண்ணீர் படக் கூடாது, மணலும் சுண்ணாம்பும் தூவி ஒற்றி எடுத்துப் பீப்பாவில் அடைக்க வேண்டும் என்று நீ சொல்லித் தந்தது நினைவிருந்தது. செல்வராணியும் நானும் தொடங்கினோம், பாதிகூட முடியவில்லை. அடுத்த நாள் துறைமுகத்தில் கையெழுத்து வைக்க நான் கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. செல்வராணிக்கும் லீவு கொடுத்திருந்தேன். கேற்றைப் பூட்டிவிட்டுப் போனேன். ஆனால் அந்தப் பூட்டின் இன்னொரு திறப்பு எப்போதும் ஹனீபா மாமாவிடம் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும்.

மாமாவுக்கு நீ வரப் போகிறாய் என்பது மட்டும்தான் தெரியும். வாப்பா இல்லாத வீட்டுக்கு நீ பிள்ளைப்பேற்றுக்கு வருகிறாய், அந்த வீட்டு முற்றம் சேறாகக் கிடக்கிறது. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஹோஸ் பைப்பை எடுத்திருக்கிறார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார், பார்த்திருக்கிறாயே. தொழுகைக்கு ஒழு எடுத்தாலே பக்கத்தில் நிற்பவன் நனைவான். முற்றத்தைக் கழுவினார். விறாந்தையைக் கழுவினார். குசினிப் படியைக் கழுவினார். அந்த ஈரக் காலோடு உள்ளே போய் உன் அறையைக் கழுவினார், ஜன்னல் கம்பிகளைக்கூட விடவில்லை. சின்ன வயதில் மத்ரஸாவில் நாங்கள் எல்லாரும் படித்ததுதான்: ஓடுகிற தண்ணீர் பட்டால் அசுத்தம் போய்விடும், இடம் துப்புரவாகிவிடும். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. நான் பொழுது சாய்ந்து மஃரிபுக்கு வந்து இறங்கும்போது முற்றம் பளபளவென்று இருந்தது. அவர் நனைந்த சாரத்தோடு நின்று சிரித்தார். "பாரு தங்கச்சி, புள்ள வாற ஊடு. ஓடுற தண்ணில கழுவின எடத்துல என்ன அழுக்கு நிக்கப் போகுது?" என்றார்.

நான் தண்ணீர் போன வழியைப் பார்த்தேன். நம் முற்றத்துச் சரிவு உனக்குத் தெரியும். குசினியைச் சுற்றி, முருங்கை மரத்தடியால், கிணற்றுக் கட்டை உரசிக்கொண்டு, கீழே ஓடுகிற ஓயாவுக்கு இறங்குகிற சரிவு. அந்த வழி முழுக்க ஈரம், அந்த ஈரம் முழுக்க ஈயம். திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. "கைய நல்லாக் கழுவுங்க நானா" என்று மட்டும் சொன்னேன். உனக்காகத்தான் கழுவினார், மகள். இதில் யாராவது ஒரு கெட்டவன் இருந்தால் அவனைச் சபித்துவிட்டு நான் தூங்கியிருப்பேன்.

மறைக்கலாம் என்று ஒரு நினைப்பு வரத்தான் செய்தது. கழுவியது யாருக்குத் தெரியும்? ஆனால் நீ என்றால் என்ன செய்வாய் என்று யோசித்தேன், மண்ணும் தண்ணீரும் கெட்டால் வந்து சோதிக்கிற சுற்றாடல் கந்தோருக்கு நானே போன் எடுத்தேன். ஒரு சிங்களப் பிள்ளை வந்தாள், உன் வயதுதான் இருக்கும், தமிழ் படித்துப் பேசுகிறவள். கிணற்றில் தண்ணீர் எடுத்தாள், முற்றத்தில் மண் எடுத்தாள், உன் அறை ஜன்னல் படியைச் சின்னத் துணியால் துடைத்துப் பையில் போட்டாள். முடிவு வந்ததும் போனில் சொல்லாமல் நேரே வந்தாள். அதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. விறாந்தைக் கதிரையில் உட்கார வைத்து, "பிளேன்டீ குடிப்பமா மகள்?" என்று கேட்டேன். அவள் கிணற்றைப் பார்த்தாள். "வேணாம் ஆன்ட்டி" என்றாள். பிறகு கேட்டாள்: "இந்த வீட்டில சின்னப் புள்ளைகள் இருக்கா?"

"இல்ல."

"கர்ப்பிணித் தாய்மார் யாரும்?"

"இல்ல" என்றேன்.

"அது நல்லது ஆன்ட்டி. அப்படி யாரும் இந்த வீட்டில இருக்கக் கூடாது. வயித்துல இருக்கிற புள்ளைக்குத்தான் ஈயம் முதல்ல போகும், மூளைக்குப் போகும். பிறந்த புள்ள தவழ்ற தரையும் இது இல்ல" என்றாள். அவளுக்கு உன்னைப் பற்றித் தெரியாது. நல்லது, நல்லது என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். கதவோரத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். அவள் போன பிறகு அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் வரவில்லை. கேற்றடியில் நின்று பேசிவிட்டுப் போகிறார். இந்தக் கடிதம் எழுதப் போகிறேன், உங்கள் பெயரை விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். "இல்ல தங்கச்சி, என்ட பேரையும் எழுது. புள்ள பிறகு வேற வாயால கேள்விப்படக் கூடாது" என்றார். அவரோடு பேசு, மகள். என்னோடு பேசாவிட்டாலும் அவரோடு பேசு.

இதைத் துப்புரவாக்க முடியாதா என்று நீ கேட்பாய், உடனே முகமூடியும் கையுறையுமாக விமானம் ஏறவும் பார்ப்பாய். அதற்குப் பயந்துதான் கூரைக் கதை சொன்னேன். முற்றத்து மண்ணைத் தோண்டி எடுக்க வேண்டுமாம். எடுத்த மண்ணைப் பீப்பாவில் அடைத்தால் அந்த மண்ணும் இப்போது அபாயகரமான கழிவாம். அதை இங்கே எடுக்க ஆள் இல்லை; வெளியே அனுப்ப வேண்டுமானால் அதற்கும் வாங்கும் நாட்டுச் சம்மதம், வழி நாடுகளின் சம்மதம். திரும்பி வந்த பெட்டரிக்குப் பழைய சம்மதங்கள் எல்லாம் காலாவதி, முதலிலிருந்து கேட்டிருக்கிறோம். ஒரு நாடு பதில் போட்டது. ஒரு நாடு இன்னும் கேள்வி கேட்கிறது. நம்மைத் திருப்பி அனுப்பிய நாட்டையும் இந்த முறை கேட்டோம், அது வாயே திறக்கவில்லை. வீட்டுத் தரையைத் துடைத்த துணியையும் பீப்பாவில் போட வேண்டும் என்று அந்தப் பிள்ளை சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவள் பயந்துபோனாள். எப்போது முடியும் என்று கேட்டேன். அவளும் நேர்மையானவள், தெரியாது என்றாள்.

நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். வெள்ளைச் சேர்ட், நல்ல பேச்சு. தோட்டத்துக் காட்டுக்குள் ஈயம் உருக்குகிறவர்களுக்குப் பெட்டரி பிடித்துக் கொடுக்கிறவன். "எனக்குத் தாங்க ராத்தா. ரெண்டு லொறி. ஒரு சம்மதமும் தேவல்ல, யார்ட் காலியாயிடும்" என்றான். பெரியும்மாவும் மற்றவர்களும், குடுத்துத் தொலைச்சிட்டு ஊட்டக் கழுவி எடு, புள்ள வரட்டும் என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், என் மனம் ஆடிவிட்டது. நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பினேன். அன்று பின்னேரம் செல்வராணி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "ராத்தா, அந்த ஆளு உருக்குற எடம் எங்க அக்கா குடியிருக்கிற லயத்துக்குப் பின்னாலதாங்க. பொக வந்தா துணி காயப் போட முடியாது, கண்ணு எரியும். அக்கா இப்ப மாசமா இருக்கு" என்றாள். கொடுக்க வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

அடுத்த நாள் அவனிடம் இல்லை என்றேன். நான் நல்லவள் என்று பெயர் வாங்க அல்ல. என் வயிற்றுப்பிள்ளைக்காரியை வீட்டுக்குள் எடுக்க இன்னொரு வயிற்றுப்பிள்ளைக்காரியின் வாசலில் இதைக் கொண்டுபோய் எரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். அவன் கோபிக்கவே இல்லை. "நீங்க தராட்டி வேற ஆள் தருவான் ராத்தா. அடுப்பு அணையப் போறதில்ல" என்று சிரித்துவிட்டுப் போனான். அவன் சொன்னது சரி. அடுப்பு எரிகிறது. செல்வராணியின் அக்கா அந்தப் புகைக்குள்தான் இருக்கிறாள். நான் கொடுக்காததால் அவளுக்கும் ஒரு நன்மையும் இல்லை, உனக்கும் ஒரு நன்மையும் இல்லை. இதுதான் மகள் என்னைத் தின்கிறது. பிழை செய்து கெட்டவர்களை நான் கண்டிருக்கிறேன், அவர்களுக்கு அழ ஒரு காரணம் இருக்கிறது. வாப்பாவும் நீயும் நானும் சொன்னபடி எல்லாம் செய்தோம்.

நீ படித்தது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சட்டம் பிழை என்றும் சொல்ல மாட்டேன். அந்த நாடு நம்மைத் திருப்பி அனுப்பியதுகூடச் சரிதான், நானென்றாலும் அனுப்பியிருப்பேன். பிள்ளைக்குப் புத்தி சொல்வதுதான் பெற்றவர்கள் எழுதும் கடிதம் என்பார்கள். என்னிடம் சொல்ல ஒரு புத்தியும் இல்லை. பொறுத்தால் எல்லாம் சரியாகும் என்று எழுதப் பேனையை எடுத்தேன், கை போகவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு நீங்களாவது கட்டாருக்கு வாங்க என்று மருமகன் கேட்டார், அல்லாஹ் அவருக்கு நன்மை செய்யட்டும். அதற்கும் வழி இல்லை. இந்தச் சரக்குக்குப் பொறுப்பு என் பெயரில் இருக்கிறது. நான் நாடு தாண்டினால் இந்தப் பூட்டு ஒரு கிழமை தாங்காது, வெள்ளைச் சேர்ட்காரன் லொறியோடு வருவான். நானும் செல்வராணியும் இரத்தம் சோதித்தோம். இருவருக்கும் ஈயம் இருக்கிறது. உடனே சாகிற அளவுக்கு இல்லையாம்.

ஒன்றை மட்டும் எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். நீ வருகிறாய் என்றதும், வாப்பாவின் பழைய சாரங்களை எடுத்தேன். துவைத்துத் துவைத்து மெதுவாகிப் போன சாரங்கள். பிறந்த பிள்ளையைச் சுற்ற அதைப் போல வேறு துணி இல்லை. கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, உன் அறை அலுமாரியில் அடுக்கி வைத்தேன். அலுமாரிக் கதவு சரியாக மூடாது, தெரியும்தானே. மாமா கழுவியது காய்ந்து தூசாகி அதற்குள்ளும் படிந்துவிட்டது. துவைத்துக் கொடுக்கலாமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். யாருடைய துணி என்று சொல்லவில்லை. துணியில் இருந்து முழுதாகப் போகாது ஆன்ட்டி, பீப்பாவில் போடுங்க என்றாள். போட்டேன். செல்வராணி அதன்மேல் ஆபத்து என்று எழுதிய கடதாசியை ஒட்டினாள். உன் வாப்பாவின் சாரங்கள் இப்போது பெட்டரி வீட்டுக்குள் இருக்கின்றன, மூன்று நாடுகள் சம்மதம் சொல்லும்வரை.

ஆகவே நீ குண்டசாலைக்குப் போ. மாமியைக் கேட்டுக்கொள்கிறேன், எல்லாரும் படிக்கும் இடத்திலேயே கேட்கிறேன்: என் பிள்ளையை உங்கள் பிள்ளையாகப் பாருங்கள், சனம் சொல்வதை என் தலையில் போடுங்கள். துணிகள் புதிதாக வாங்குங்கள், நம் வீட்டிலிருந்து ஒரு நூல்கூட அங்கே வரக் கூடாது. பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் நான் வருவேன். உங்கள் வீட்டு வெளிக் குழாயில் தலையோடு குளித்து, நான் உடுத்தி வந்ததைப் பையில் கட்டி வெளியே வைத்துவிட்டு, மாமியின் உடுப்பு ஒன்றை வாங்கி உடுத்திக்கொண்டுதான் உள்ளே வருவேன். அப்போதும் தூக்கு உம்மா என்று நீ நீட்டினால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. தள்ளி நின்று பார்க்கவே பழகிக்கொண்டிருக்கிறேன்.

அனுப்பியதைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று நீ படித்துச் சொன்னாய், எடுத்துக்கொண்டேன் மகள். அதை எடுத்த வீட்டில் உன்னை எடுக்க எனக்கு இடம் இல்லை. வராதே. இந்த ஸலாத்துக்கு மட்டும் பதில் போடு.

உன் உம்மா